காடும் தண்ணீரும் படித்தால் வேலை கிடைக்குமா?

கேள்வி: என் மகள் பிளஸ் டூ, பயாலஜி குரூப். காடு, மண், தண்ணீர் சம்பந்தமாகத்தான் காலேஜில் படிப்பேன் என்று ஒற்றைக் காலில் நிற்கிறாள். "பொம்பளப் புள்ளய காட்டுக்கா அனுப்பப் போற?" என்று சொந்தக்காரர்கள் கேட்கிறார்கள். இந்தப் படிப்புக்கு வேலை இருக்கிறதா?
– ஒரு வாசகி, அஞ்செட்டி

பதில்: இருக்கிறதும்மா. ஆனால் பட்டத்தின் பெயரில் ரொம்பக் கவனமாக இருங்கள், ஏனென்றால் பல பிள்ளைகள் சறுக்குவது அங்கேதான்.

நோட்டீஸில் 'சுற்றுச்சூழல்', 'இயற்கை வளம்' என்று அழகான பெயரைப் பார்த்துப் பணம் கட்டிவிடுகிறோம். யூபிஎஸ்சி நடத்தும் இந்திய வனப்பணித் தேர்வு எழுத வேண்டுமானால் வனவியல், வேளாண்மை, இன்ஜினீயரிங் இதில் ஒரு பட்டம் வேண்டும். இல்லையென்றால் தாவரவியல், விலங்கியல், வேதியியல், நிலவியல் மாதிரி அவர்கள் பட்டியலில் இருக்கிற ஒரு பாடத்தையாவது பட்டப்படிப்பில் படித்திருக்க வேண்டும். சுற்றுச்சூழல் அறிவியல் என்ற பெயர் அந்தப் பட்டியலில் கிடையாது. இது மூன்றாம் வருஷத்தில் தெரிந்து என்ன பயன்?

என் யோசனை, மேட்டுப்பாளையம் வனக் கல்லூரியில் நாலு வருஷ பி.எஸ்சி. வனவியல். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கல்லூரி அது. பிளஸ் டூ மார்க்கை வைத்துக் கவுன்சலிங், நீட் தேவையில்லை. படித்து முடித்தால் காக்கிச் சட்டை மட்டும்தான் என்று நினைக்காதீர்கள். வங்கிகளின் வேளாண் கள அலுவலர் தேர்வை வனவியல் பட்டதாரிகளும் எழுதலாம். காகித ஆலைகளுக்குச் சவுக்கும் தைலமரமும் விவசாயிகள் நிலத்தில் வளர்ந்தாக வேண்டும், அதைப் பார்த்துக்கொள்ளவும் மரம் தெரிந்த ஆள் வேண்டும். ஆராய்ச்சிப் பக்கம் மனசு போனால் கோவையிலேயே வன மரபியல் நிறுவனம் இருக்கிறது.

தண்ணீர்தான் பிடிக்கும் என்றால் வழி வேறு. பி.எஸ்சி. நிலவியல் சேர்ந்து எம்.எஸ்சி.யும் முடிக்கட்டும், அப்புறம் மத்திய நிலத்தடி நீர் வாரியத்துக்கான யூபிஎஸ்சி தேர்வு எழுதலாம். நம் தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்திலும் போர் தண்ணீர் குடித்தே பல்லில் காவி ஏறியவர்களை உங்களுக்கே தெரிந்திருக்கும். பாறையிலிருந்து தண்ணீரில் இறங்கும் ஃபுளோரைடு அது. லிட்டருக்கு ஒன்றரை மில்லிகிராமைத் தாண்டினாலே கெடுதல், காய்ச்சினாலும் போகாது. அதற்காகத்தானே ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர்த் திட்டமே வந்தது. ஆற்றுத் தண்ணீர் வந்தும் போர் போடுவது நிற்கவில்லை. எந்தப் பாறையில் எந்தத் தண்ணீர் என்று சொல்லத் தெரிந்தவர்கள் நமக்கு இன்னும் வேண்டும்.

சொந்தக்காரர்களுக்கு ஒரு பதில் வைத்துக்கொள்ளுங்கள்: இந்திய வனப்பணியில் பெண்கள் 1980லேயே சேர்ந்துவிட்டார்கள். அதன் உடல்தகுதித் தேர்வில் பெண்கள் நாலு மணி நேரத்தில் 14 கிலோமீட்டர் நடக்க வேண்டும். மலைப்பாதையில் நடந்து பழகிய பிள்ளைக்கு அது பெரிய விஷயமில்லை.

உங்கள் ஊர்ப் பக்கத்துக் காடு 2022ல் காவிரி தெற்கு வனவிலங்கு சரணாலயம் ஆகியிருக்கிறது, 686 சதுர கிலோமீட்டர். ராகி முற்றும் சமயம் யானை இறங்கும், ஊரே பரண் மேல் விடியவிடிய உட்கார்ந்திருக்கும். எந்த ஓடை வழியாக வருகிறது, எந்தக் கொல்லையை விட்டுவிட்டுப் போகிறது என்று பெரியவர்களிடம் கேட்டு உங்கள் மகள் இந்த வருஷமே ஒரு நோட்டில் எழுத ஆரம்பிக்கட்டும். காலேஜில் புராஜெக்ட் செய்யும்போது அந்த நோட்டு கைகொடுக்கும்.