பாடக்குறிப்புல ‘தாய்மொழித் தாக்கம் நீக்குதல்’னு இருக்கு, அத என்ன பண்றது?

கேள்வி: மதுரைப் பக்கம் ஒரு தன்னாட்சிக் கல்லூரில விஸ்காம் டிபார்ட்மென்ட்ல உதவிப் பேராசிரியரா இருக்கேன். அடுத்த மாசம் போர்டு ஆஃப் ஸ்டடீஸ் (பாடத்திட்டத்த முடிவு பண்ற குழு) மீட்டிங். கம்யூனிகேஷன் பேப்பர்கள் எல்லாத்தோட பாடக்குறிப்பையும் எளிமையா, யாரையும் ஒதுக்காத மொழியில மாத்தி எழுதச் சொல்லி ஹெச்ஓடி என்கிட்ட குடுத்துட்டாங்க. மாணவன்ங்கிறத மாணவர்னு மாத்துனா போதுமா? எளிமையாக்குனா ஸ்டாண்டர்டு போச்சும்பாங்களோன்னு பயமாவும் இருக்கு. ஒரு பேப்பரோட குறிப்ப அனுப்பிருக்கேன், பாத்து சொல்லுங்க.

பதில்: வணக்கம் மேடம். மாணவன் மாணவர் சமாச்சாரத்த முதல்ல முடிச்சிருவோம், அது அரை மணி நேர வேலைதான். தமிழ்ல நமக்கு ஒரு பெரிய வசதி இருக்கு, ‘அர்’ங்கிறது பலர்பால் விகுதி, மரியாதைக்கும் அதத்தான் போடுறோம், அது ஆணா பெண்ணா திருநங்கையா திருநம்பியான்னு யாரையும் கேக்காது. செய்தியாளர், ஒளிப்பதிவாளர், தொகுப்பாளர்னு வார்த்தை எல்லாம் ரெடியா இருக்கு, கேமராமேன்னு வர்ற எடத்துல ஒளிப்பதிவாளர்னு போட்டா முடிஞ்சது. ‘பெண் நிருபர்’னு தனியா எங்கயாவது இருந்தா ‘பெண்’ண எடுத்துருங்க. ஜெண்டர் அண்டு மீடியா மாதிரி பேப்பர் இருந்தா, பாலினம் பாலீர்ப்பு பத்தின சொற்களுக்கு சென்னை உயர்நீதிமன்ற வழக்கத் தொடர்ந்து தமிழ்நாடு அரசு 2022-ல ஒரு சொல் பட்டியலே வெளியிட்டிருக்கு, க்வியர்ங்கிறதுக்கு பால்புதுமையர்ங்கிற சொல் அதுல உண்டு, பழைய வசைச்சொல் வாடை அடிக்கிற வார்த்தை எதாவது சிலபஸ்ல இருந்தா அதப் பாத்து மாத்திக்கோங்க.

ஆனா உங்க குறிப்புல உண்மையான சிக்கல் அங்க இல்ல. நீங்க அனுப்புன ‘தகவல் தொடர்புத் திறன்’ பேப்பரோட வாசகத்த அப்படியே எடுத்துப் போடுறேன் (தாய்மொழித் தாக்கம்னா ஆங்கிலம் பேசும்போது தாய்மொழி உச்சரிப்பு கலந்து வர்றது):

“இப்பாடமானது மாணவனின் தாய்மொழித் தாக்கத்தை நீக்கி, பிழையற்ற உச்சரிப்பு, உடல்மொழி மற்றும் கண்தொடர்பு ஆகியவற்றின் வாயிலாக அவனது ஆளுமையை மேம்படுத்தி, உலகத் தரத்திலான தொடர்பாளனாக உருவாக்குவதை நோக்கமாகக் கொண்டது.”

இத யாரு படிக்கிறாங்கன்னு கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. போர்டு மெம்பர் ஒரு தடவ படிப்பார், கல்லூரித் தரத்த மதிப்பிடுற நாக் கமிட்டி வந்தா ஃபைல்ல புரட்டுவாங்க. ஆனா நிஜமாவே இத நம்பி முடிவெடுக்கிறது முதல் செமஸ்டர்ல எலெக்டிவ் (விருப்பப் பாடம்) செலக்ட் பண்ண ஹாஸ்டல்ல உக்காந்து ஃபோன்ல போர்ட்டல தெறந்து வச்சிருக்கிற ஒரு பொண்ணு, திருப்புவனம் பக்கமோ சாயல்குடி பக்கமோ ஊரு, வீட்லயே முதல்முதலா காலேஜுக்கு வந்த ஆளு, என்ன எடுக்கலாம்னு கேக்க அக்கா அண்ணன் யாரும் இல்ல. அவ இந்த நாலு வரியப் படிச்சா அவளுக்கு வெளங்குறது ஒண்ணே ஒண்ணுதான், எங்கிட்ட இருக்கிற தமிழ் ஒரு குறை, அத இங்க எடுத்து விடுவாங்க. க்ளாஸ்ல என்ன செய்வோம், பரீட்சை எப்படி, நம்மால முடியுமா முடியாதா, இதுக்கு ஒரு பதிலும் அதுல கிடையாது.

தாய்மொழித் தாக்கம்ங்கிற பேச்சே கால்சென்டர் ட்ரெய்னிங் ரூம்லேருந்து நம்ம சிலபஸுக்குள்ள வந்து உக்காந்துக்கிட்ட ஒண்ணு. ஃபோன்ல அந்தப் பக்கம் இருக்கிறவருக்குப் புரியணும்ங்கிறது நியாயமான தேவை, அத யாரும் மறுக்கல. ஆனா தாய்மொழி இல்லாத மாதிரி பேசணும்ங்கிறது வேற, கேக்கிறவருக்குப் புரியிற மாதிரி பேசணும்ங்கிறது வேற, நம்ம சொல்லிக்கொடுக்க வேண்டியது ரெண்டாவது. அத அப்படியே எழுதிட்டா போதும், எந்தத் தரமும் எங்கயும் கொறையாது.

இங்கதான் நான் எல்லா டிபார்ட்மென்டுக்கும் திரும்பத் திரும்ப சொல்ற ஒரு வேலை வருது. குறிப்புல இருக்கிற ஒவ்வொரு வார்த்தையையும் எடுத்து வச்சு, இது இந்தப் பாடத்துக்கு அவசியமா, இல்ல நம்ம பழக்கமான்னு கேளுங்க. கண்தொடர்பு அவசியமா? கண் தெரியாத மாணவர் ஒருத்தர் அருமையா பேசுவார், கண்தொடர்புக்கு அஞ்சு மார்க்னு போட்டா அவருக்கு என்ன பதில்? ஆட்டிசம் இருக்கிற சிலருக்கு எதிராளி கண்ணப் பாத்துக்கிட்டே பேசுறது பெரிய அவஸ்தை. கேக்கிறவங்க கவனத்த புடிச்சு வைக்கணும்ங்கிறதுதான் அங்க அவசியம், கண்ணு அதுக்கு ஒரு வழி, குரல் ஏத்த எறக்கம் ஒரு வழி, நடுநடுவுல கேள்வி கேக்கிறது ஒரு வழி. ‘பிழையற்ற உச்சரிப்பு’ம் இதே கதைதான். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016 பட்டியல்ல இருக்கிற 21 வகைல பேச்சும் மொழியும் சார்ந்த குறைபாடு தனியாவே இருக்கு, அரசு கல்லூரிலயும் எய்டட் கல்லூரிலயும் குறைஞ்சது 5 சதவீத இடம் அந்தச் சட்டப்படி ஒதுக்கணும், பாடத்திட்டத்தையும் தேர்வு முறையையும் அவங்களுக்கு ஏத்த மாதிரி மாத்தி அமைக்கணும்னும் 17-வது பிரிவு சொல்லுது. சீட்ட குடுத்து உள்ள கூட்டிட்டு வந்துட்டு பாடக்குறிப்புலயே வெளிய போன்னு எழுதி வச்சிருந்தா என்ன அர்த்தம் சொல்லுங்க.

நான் இத இவ்ளோ அழுத்தி சொல்றதுக்கு காரணம் இருக்கு. பல வருஷத்துக்கு முன்னாடி நான் எழுதுன ஒரு ரேடியோ பேப்பர் குறிப்புல ‘தெளிவான, சரளமான பேச்சு உடையவர்களுக்கு ஏற்றது’ன்னு ஒரு வரி போட்டிருந்தேன், போடும்போது அது தப்பாவே தோணல. திக்கிப் பேசுற ஒரு பையன் அத படிச்சிட்டு அந்த பேப்பர எடுக்காம விட்டுட்டான், கடைசி வருஷம் ஃப்ரெண்டுக்கு உதவி பண்ண வந்தவன் சவுண்டு எடிட்டிங்க அவ்ளோ நேர்த்தியா பண்ணான், ஏம்பா இத ரெண்டு வருஷம் முன்னாடி எடுக்கலன்னு கேட்டப்ப ஃபோன்ல சேவ் பண்ணி வச்சிருந்த அந்த வரியக் காட்டுனான். ரேடியோ பேப்பர்ல மைக் முன்னாடி பேசுறது பாதி, எழுத்தும் பதிவும் எடிட்டும் மீதி. நான் எழுதுன குறிப்புல அந்த மீதி இல்லவே இல்ல.

ரேடியோன்னதும் இன்னொண்ணு. உங்க லிஸ்ட்ல சமுதாய வானொலி பேப்பர் ஒண்ணு இருக்கு, அதுல ‘வட்டார வழக்கைத் தவிர்த்து’ன்னு வருது. அத கண்டிப்பா எடுத்துருங்க. 2004-ல அண்ணா பல்கலைக்கழகத்துல அண்ணா எஃப்எம் வந்தப்பவும் சரி, 2006 வழிகாட்டு நெறிமுறை வந்தப்பவும் சரி, சமுதாய வானொலிங்கிறதே அந்தந்த ஊர் ஜனங்களுக்காக. நிகழ்ச்சில குறைஞ்சது பாதி அந்தப் பகுதி மக்கள் பங்கேற்போட தயாரிக்கணும், முடிஞ்ச வரைக்கும் உள்ளூர் மொழியிலயும் வழக்குலயும் இருக்கணும்னு அந்த நெறிமுறையே சொல்லுது. பாடம் எதுக்கு இருக்கோ அதுக்கே எதிரா நம்ம குறிப்பு நிக்குது.

சரி, உங்க தகவல் தொடர்புத் திறன் பேப்பர நான் எழுதுனா இப்படி எழுதுவேன்:

“இந்தப் பாடத்தில் மூன்று வகையான பேச்சைப் பழகுவீர்கள்: ஒரு நிமிட அறிமுகம், ஐந்து நிமிட விளக்கவுரை, குழு விவாதம். எதை முதலில் சொல்வது, எதை விடுவது, கேட்பவர் யார் என்று பார்த்து எப்படி மாற்றிச் சொல்வது என்பதை ஒவ்வொரு வாரமும் செய்து பார்ப்போம். தமிழிலும் ஆங்கிலத்திலும் பேசலாம். நேரில் பேசுவது, முன்பே பதிவு செய்து காட்டுவது, சைகை மொழி என எது உங்களுக்கு வசதியோ அதை முதல் வாரத்தில் ஆசிரியரிடம் சொல்லுங்கள். முன்அனுபவம் தேவையில்லை. மதிப்பெண்ணில் பாதி வகுப்புப் பயிற்சிக்கு, பாதி இறுதி விளக்கவுரைக்கு.”

மார்க் பிரிவும் மொழியும் உங்க ரெகுலேஷன் படி மாத்திக்கோங்க. ‘நீங்கள்’னு எழுதிட்டா மாணவன் மாணவர் தொல்லையே தானா போயிருதுன்னு கவனிச்சீங்களா. ‘அனைத்துத் தரப்பினரையும் அன்புடன் வரவேற்கிறோம்’ங்கிற வரிய மட்டும் தயவுசெஞ்சு சேத்துறாதீங்க, அது யாருக்கும் எதையும் சொல்லாது. ‘பதிவு செய்து காட்டலாம்’ங்கிற மூணு வார்த்தைல கிடைக்கிற தைரியம் அந்த வரவேற்புல கிடைக்காது.

காசு, நேரம் ரெண்டையும் மறைக்காம எழுதுங்க, இத யாரும் எழுதுறதில்லன்னு எனக்கு ரொம்ப வருத்தம். வீடியோ ப்ரொடக்‌ஷன் பேப்பர்னா சொந்தமா கேமரா வாங்கணுமா, டிபார்ட்மென்ட் கேமரா உண்டா, மொபைல்ல எடுத்தா ஒத்துக்குவீங்களா, வெளியூர் ஷூட் உண்டா, சாயங்காலம் ஆறு மணிக்கு மேல இருக்க வேண்டியிருக்குமா, எல்லாத்தையும் ஒரு வரில சொல்லிருங்க. ஹாஸ்டல் கேட் மூடுற நேரம் இருக்கிற பொண்ணுங்களுக்கு, லாஸ்ட் பஸ்ஸ புடிக்கணும்ங்கிற பசங்களுக்கு, சாயங்காலம் கடையில வேலை பாத்துக்கிட்டே படிக்கிறவங்களுக்கு இதுதான் முதல் கேள்வி. தெரிஞ்சா முன்னாடியே வந்து பேசி வேற ஏற்பாடு கேப்பாங்க, தெரியாட்டி பாதி செமஸ்டர்ல ஆப்சென்ட் ஆவாங்க.

ஸ்டாண்டர்டு பயத்துக்கு வருவோம். கோட்பாட்டுப் பேர தூக்கச் சொல்லல, அஜெண்டா செட்டிங் அஜெண்டா செட்டிங்காவே இருக்கட்டும், 1972-ல மெக்கோம்ப்ஸும் ஷாவும் எழுதுன கட்டுரைய சீனியர்ஸ் படிச்சே ஆகணும். பக்கத்துல ஒரு வரி மட்டும் சேருங்க: ‘ஒரு செய்தி முதல் பக்கத்தில் தொடர்ந்து வந்தால் அது நாம் எதைப் பற்றிப் பேசுகிறோம் என்பதை எப்படி மாற்றுகிறது?’ இதப் படிச்சிட்டு பாடம் சுளுவாயிருச்சுன்னு யாரும் சொல்ல முடியாது, உண்மைல ‘கோட்பாட்டுப் பின்புலங்களை அறிமுகப்படுத்துதல்’ங்கிறத விட இது கஷ்டமான கேள்வி. கே1 (நினைவுல வைக்கிறது)லேருந்து கே6 (புதுசா உருவாக்குறது) வரைக்கும் லெவல் போட்டு கோர்ஸ் அவுட்கம், அதாவது பாடம் முடிஞ்சதும் மாணவர் என்ன செய்வார்ங்கிறத, எழுதுற எடத்துலயும் ‘புரிந்துகொள்வர்’, ‘அறிவர்’ங்கிறத கொறச்சு ‘ஒப்பிட்டு எழுதுவர்’, ‘திருத்துவர்’னு வெளிய தெரியிற வேலைய போடுங்க, அத பாக்கிற எக்ஸ்டர்னல் எக்ஸ்பர்ட் சந்தோஷப்படத்தான் செய்வார்.

இவ்ளோ பாத்துப் பாத்து எழுதுனத பழைய பாமினி மாதிரி ஃபாண்ட்ல டைப் பண்ணி பிடிஎஃப் ஆக்கிட்டா மொத்தமும் வீண். கண் தெரியாத மாணவரோட ஸ்க்ரீன் ரீடர் (திரைல இருக்கிறத வாசிச்சுக் காட்டுற மென்பொருள்) அத தமிழா படிக்காது, ஆங்கில எழுத்துகள சம்பந்தமில்லாம வாசிக்கும். ஸ்கேன் பண்ண பிடிஎஃப்னா அதுவும் இல்ல, வெறும் படம். சோதிக்கிறது சுலபம், பிடிஎஃப்லேருந்து ஒரு வரிய காப்பி பண்ணி வாட்ஸ்அப்ல பேஸ்ட் பண்ணுங்க, தமிழ் வந்தா சரி, கிறுக்கல் வந்தா யுனிகோட்ல திரும்ப அடிக்கணும். தமிழ்நாடு அரசே 2010-ல யுனிகோட அங்கீகரிச்சாச்சு, ஆஃபீஸ் டைப்பிஸ்ட் கேட்டா அதச் சொல்லுங்க.

போர்டு மீட்டிங்குக்கு பழைய வாசகம் இடது பக்கம், புது வாசகம் வலது பக்கம், ஏன் மாத்துனோம்ங்கிறது கீழ ஒரே வரில, இப்படி ஒரு பேப்பருக்கு ஒரு பக்கம் பிரிண்ட் எடுங்க. குறிப்பு மட்டும் மாறுதா, அவுட்கமும் மாறுதான்னு பிரிச்சுக் காட்டுங்க, ஏன்னா அவுட்கம், யூனிட், டைட்டில் மாறுனா அகடமிக் கவுன்சில் வரைக்கும் போகணும், குறிப்புக்கு எது வரைக்கும்ங்கிறத உங்க ரெகுலேஷன்ல பாத்துக்கோங்க. போர்டுல ஒரு முன்னாள் மாணவரும் இண்டஸ்ட்ரி ஆளும் இருப்பாங்க, அவங்க ரெண்டு பேருக்கும் ஒரு வாரம் முன்னாடியே அனுப்பி வச்சிருங்க, மீட்டிங்ல உங்க பக்கம் பேச ஆள் கிடைக்கும்.

அதுக்கும் முன்னாடி இந்த வாரமே ஒண்ணு பண்ணுங்க. இயற்பியலோ பி.காமோ படிக்கிற ரெண்டு மூணு முதல் வருஷப் பிள்ளைங்கள கூப்புட்டு புது குறிப்ப கையில குடுத்து, மூணாவது வாரம் இந்த க்ளாஸ்ல நீ என்ன செஞ்சிக்கிட்டிருப்பன்னு நினைக்கிறன்னு கேளுங்க. தடுமாறாம சொல்லிட்டா அந்த பேப்பர் முடிஞ்சது, அடுத்தத எடுங்க. தடுமாறுற எடத்த பென்சில்ல கோடு போட்டு வச்சிட்டு அத மட்டும் திரும்ப எழுதுங்க, ரெண்டாவது ட்ராஃப்ட் ஆனதும் அனுப்புங்க, பாத்துத் தர்றேன்.