115 குதிரைத்திறனில் இவ்வளவு குஷி எங்கிருந்து வருகிறது? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: மெல்பர்னில் இருக்கும் தம்பி வீட்டுக்குப் போயிருந்தேன். அவனிடம் 1990 மாடல் மாஸ்டா எம்எக்ஸ்-5 என்ற ஜப்பானிய ஸ்போர்ட்ஸ் கார் இருக்கிறது. கிரேட் ஓஷன் ரோட்டில் கூரையைத் திறந்துவிட்டு என்னை ஓட்டச் சொன்னான். 115 குதிரைத்திறன்தானாம், ஊரில் நான் ஓட்டும் டர்போ செடானில் 150 இருக்கிறது. ஆனாலும் அந்த ஒரு மணி நேரத்தில் கிடைத்த சந்தோஷம் என் காரில் ஒருநாளும் கிடைத்ததில்லை. கூரை இல்லாததுதான் காரணமா? (ஈரோடு வாசகர்)

காற்றும் கடலும் கொஞ்சம் உதவியிருக்கும். ஆனால் கூரையை மூடிக்கொண்டு ஓட்டியிருந்தாலும் இதே கடிதத்தைத்தான் எழுதியிருப்பீர்கள்.

முதல் காரணம் எடை. அந்தக் கார் சுமார் 950 கிலோ. உங்கள் செடான் 1,200 கிலோ என்றே வைத்துக்கொள்வோம், வித்தியாசம் 250 கிலோ, அதாவது ஐந்து சிமென்ட் மூட்டை. வளைவுக்கு வளைவு அந்த ஐந்து மூட்டையை பிரேக் நிறுத்தியாக வேண்டும், டயர் பக்கவாட்டில் இழுத்துப் பிடித்தாக வேண்டும், வளைவு முடிந்ததும் எஞ்சின் மறுபடி வேகமெடுக்க வைக்க வேண்டும். குதிரைத்திறனைக் கூட்டினால் நேர்ச்சாலையில் மட்டும்தான் லாபம், எடையைக் குறைத்தால் எல்லா இடத்திலும் லாபம்.

அடுத்தது அந்த எடை எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பது. நீளமான மூங்கிலைத் தோளில் வைத்துக்கொண்டு சந்து திரும்பிப் பாருங்கள். திரும்பத் தொடங்கவும் முரண்டு பிடிக்கும், திரும்பியதை நிறுத்தவும் முரண்டு பிடிக்கும். அதே மூங்கிலைத் துண்டு துண்டாக வெட்டி மூட்டையாக நெஞ்சோடு அணைத்துக்கொண்டால் எடை அதேதான், ஆனால் சட்டென்று திரும்பலாம். சாதாரண முன்சக்கர இழுவைக் காரில் எஞ்சினும் கியர்பாக்ஸும் முன் அச்சுக்கு மேலேயும் அதற்கு முன்னாலேயும் தொங்கிக்கொண்டிருக்கும். மாஸ்டாக்காரர்கள் எஞ்சினை முன் அச்சுக்குப் பின்னால் தள்ளினார்கள், பேட்டரியை டிக்கிக்குக் கொண்டுபோனார்கள், பானெட்டை அலுமினியத்தில் செய்தார்கள். முன்னும் பின்னும் ஏறக்குறைய பாதிக்குப் பாதி எடை. இரண்டு முனையிலும் இருந்த பாரத்தை நடுவுக்குக் கொண்டுவந்ததால்தான் ஸ்டியரிங்கைத் தொட்டதுமே மூக்கு திரும்புகிறது.

இதன் பின்னணியையும் சொல்லிவிடுகிறேன், எனக்குப் பிடித்த கதை. 1970களின் கடைசியில் பாப் ஹால் என்ற அமெரிக்கப் பத்திரிகையாளர் மாஸ்டாவின் கெனிச்சி யமமோட்டோவிடம், பழைய பிரிட்டிஷ் ரோட்ஸ்டர்கள் (கூரை திறக்கும் இரண்டு சீட் கார்கள்) மாதிரி ஒரு சின்ன, எளிமையான கார் செய்யுங்கள் என்றார். அந்தப் பிரிட்டிஷ் கார்கள் ஒவ்வொன்றாக மறைந்துகொண்டிருந்த நேரம் அது. எம்ஜிபி 1980-ல் நின்றே போனது. ஹால் பிறகு மாஸ்டாவிலேயே வேலைக்குச் சேர்ந்தார். தோஷிஹிகோ ஹிராய் தலைமையில் உருவான கார் 1989 பிப்ரவரியில் சிகாகோ கண்காட்சியில் மேடையேறியது. ஜப்பானியர்கள் இதற்கு வைத்த தாரக மந்திரம் ‘ஜின்பா இத்தாய்’. குதிரை மேலிருந்து அம்பு விடுபவனும் குதிரையும் ஒரே உடம்பு என்று அர்த்தம். விளம்பர வாசகமாக மட்டும் இதை நினைத்துவிடாதீர்கள். கியர்பாக்ஸையும், எஞ்சின் சக்தியைப் பின்சக்கரங்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியலையும் ஓர் அலுமினியச் சட்டத்தால் இறுகப் பிணைத்திருக்கிறார்கள். அதனால் ஆக்ஸிலேட்டரை மிதித்ததும் நடுவில் எதுவும் முறுக்கிக்கொள்ளாமல், தளராமல், பின்சக்கரம் உடனே தள்ளுகிறது. நீங்கள் கேட்டதை அது கேட்ட கணத்திலேயே செய்கிறது என்று உங்களுக்குத் தோன்றியிருந்தால் அதில் இந்தச் சட்டத்துக்குப் பெரிய பங்கு.

ஒரே ஒரு வளைவை மட்டும் மெதுவாக ஓட்டிப் பார்ப்போம். பிரேக்கை மிதிக்கிறீர்கள், எடை முன்சக்கரங்கள் மேல் சாய்கிறது, ஸ்டியரிங் கையில் கனமாகிறது. பிரேக்கை விட்டுக்கொண்டே திருப்புகிறீர்கள். கார் லேசாகப் பக்கவாட்டில் சாய்ந்து ஓர் இடத்தில் நிற்கிறது, இவ்வளவு தாங்குகிறேன் என்று சொல்வது மாதிரி. டயர் நெளிவதால், பக்கவாட்டு விசை சக்கரத்தின் நடுப்புள்ளிக்குக் கொஞ்சம் பின்னால் விழுகிறது. அதுதான் ஸ்டியரிங்கை நேராக்கப் பார்க்கும் இழுப்பு. டயரின் பிடிமானம் எல்லையை நெருங்கும்போது அந்த விசை முன்னே நகர்ந்துவிடுகிறது, இழுப்பு குறைகிறது, ஸ்டியரிங் லேசாகிறது. கவனியுங்கள், டயர் வழுக்குவதற்கு *முன்பே* இது நடக்கிறது. உள்ளங்கைக்கு முதலில் சேதி வருகிறது, நீங்கள் ஒரு நூல் அளவு தளர்த்துகிறீர்கள், கார் மறுபடி பிடித்துக்கொள்கிறது. ஒரு மணி நேரம் முழுக்க அந்தக் கார் உங்களோடு பேசிக்கொண்டே வந்திருக்கிறது. உங்கள் சந்தோஷம் அதுதான்.

கேள்வி: என் ஹேட்ச்பேக்குக்கு ஸ்பிரிங் மாற்றி உயரத்தைக் குறைத்தேன். பார்க்க நன்றாக இருக்கிறது. ஏற்காடு ஏறும்போது மட்டும் வளைவில் மேடு பள்ளம் வந்தால் கார் பக்கவாட்டில் தாவுகிறது. கெட்டியான சஸ்பென்ஷன்தானே ஸ்போர்ட்ஸ் கார்? (சேலம் வாசகர்)

இந்த எண்ணத்தை முதலில் விட்டுவிடுங்கள். டயர் தரையில் இருந்தால்தான் பிடிமானம். மேடு வரும்போது சக்கரம் மட்டும் ஏறி இறங்கி, மேலே உடம்பு அமைதியாக இருக்க வேண்டும். உங்கள் காரில் உயரம் குறைந்ததால் சஸ்பென்ஷன் இறங்குவதற்கு இடமே இல்லை, கடைசியில் இருக்கும் ரப்பர் தடுப்பில் முட்டுகிறது, முட்டிய நொடியில் காரே தூக்கி வீசப்படுகிறது. போதாததற்குப் பழைய ஷாக் அப்சார்பர் புது ஸ்பிரிங்கின் துள்ளலை அடக்க முடியாமல் திணறும்.

1962-ல் வந்த லோட்டஸ் எலான் 700 கிலோகூட இல்லாத கார். இன்றுவரை திருப்பத்துக்கு உதாரணமாகச் சொல்லப்படும் கார்களில் ஒன்று, மாஸ்டாவுக்கும் முன்மாதிரி அதுதான். அதன் ஸ்பிரிங்குகள் மென்மையானவை. நன்றாக இழுத்துப் பிடிக்கும் டேம்பரோடு (ஷாக் அப்சார்பர்தான்) மெத்தென்ற ஸ்பிரிங் சேர்ந்தால் கரடுமுரடான நாட்டுப்புறச் சாலையில் டயர் தரையை விடாது. எடை குறைவாக இருப்பதால்தான் மெத்தென்று வைக்க முடிகிறது. கனமான காரில் அதே மென்மை தொட்டில் ஆட்டம் ஆகிவிடும்.

உயரம் குறைவது நல்லதுதான், அதை மறுக்கவில்லை. வளைவில் எடை வெளிப்பக்கச் சக்கரத்துக்குச் சாய்கிறது. நுகத்தடியில் பாரம் முழுவதும் ஒரு மாட்டின் மேல் விழுந்தால் அந்த ஜோடி முன்போல் இழுக்குமா? டயரும் அப்படித்தான், இரண்டு மடங்கு பாரத்துக்கு இரண்டு மடங்கு பிடிமானம் தராது. ஈர்ப்பு மையம் தாழ்வாக இருந்தால் இந்தச் சாய்வு குறையும். ஆனால் காரை வடிவமைக்கும்போதே எஞ்சினையும் சீட்டையும் தாழ்வாக வைத்துச் செய்ய வேண்டிய காரியம் அது. நீங்கள் பழைய ஸ்பிரிங்கையே திரும்பப் போட்டுவிட்டு, அந்தக் காசில் நல்ல ஷாக் அப்சார்பர் வாங்குங்கள்.

கேள்வி: அகல டயர் போட்டால் பிடிமானம் கூடும்தானே? (திருச்சி வாசகர்)

கூடும். குஷி கூடுமா என்பது வேறு கேள்வி.

2012-ல் டொயோட்டா 86 வந்தபோது அதில் மிஷலின் பிரைமசி டயர் போட்டிருந்தார்கள், மைலேஜுக்குப் பேர்போன பிரியஸ் காருக்கும் கொடுக்கப்பட்ட வகை. 200 குதிரைத்திறன் ஸ்போர்ட்ஸ் காருக்கு இதுவா என்று பலர் கேட்டார்கள். காரணம் இருக்கிறது. டயர் மிதமாக இருந்தால் பிடிமானத்தின் எல்லை சீக்கிரம் வரும், படிப்படியாக வரும், பயமில்லாத வேகத்தில் வரும். அகலமான, ஒட்டிப் பிடிக்கும் டயர் போட்ட காரில் எல்லையைத் தொட நீங்கள் 120 கிலோமீட்டர் வேகத்தில் வளைய வேண்டும், அங்கே நழுவினால் காப்பாற்ற நேரம் இருக்காது. வேகம் இரண்டு மடங்கானால் அதே வளைவுக்கு நாலு மடங்கு பக்கவாட்டு விசை தேவை என்பதை நினைவில் வையுங்கள். அந்த முதல் எம்எக்ஸ்-5-ல் இருந்தது 185/60, 14 அங்குலம், அதாவது டயரின் அகலம் 185 மில்லிமீட்டர்தான். இன்றைய சின்ன ஹேட்ச்பேக்கின் அளவு!

நானும் இதைச் செய்து பார்த்தவன். 14 அங்குலச் சக்கரத்தோடு வந்த என் ஹேட்ச்பேக்குக்குப் பெரிய அலாய் சக்கரம் நாலு வாங்கினேன், ஓட்டமே மாறிவிடும் என்று கடைக்காரர் உறுதியாகச் சொன்னார். மாறியது, மோசமாக. சக்கரம் ஒவ்வொன்றும் முன்பைவிடக் கனம், கையால் தூக்கிப் பார்த்தாலே தெரிந்தது. சின்னப் பள்ளத்தில்கூட அந்தக் கனம் எகிறி எகிறிக் குதித்தது, ஸ்டியரிங்கில் முன்பு கிடைத்த சேதி நின்று போய் வெறும் உதறல் மட்டும் வந்தது. மூன்று மாதத்தில் பழைய சக்கரத்தை மாட்டினேன். அன்று மாலை வீட்டுக்கு ஓட்டி வந்தபோது என் கார் எனக்குத் திரும்பக் கிடைத்த மாதிரி இருந்தது.

கேள்வி: அப்படியென்றால் எஞ்சினைப் பின் அச்சுக்கும் பின்னால் வைத்திருக்கும் போர்ஷே 911 தப்பான காரா? (புதுச்சேரி வாசகி)

தப்பில்லை, குணம் வேறு. பின்சக்கரத்தின் மேல் பாரம் இருப்பதால் வளைவிலிருந்து வெளியே வரும்போது சாலையைக் கவ்விக்கொண்டு பாயும். ஆனால் பழைய 911-ல் வளைவின் நடுவில் பயந்துபோய் ஆக்ஸிலேட்டரைச் சட்டென்று விட்டால் எடை முன்னே போகும், பின்பக்கம் லேசாகி, அங்கே தொங்கும் எஞ்சின் பெண்டுலம் மாதிரி வீசிவிடும். அறுபது வருஷமாகச் செதுக்கிச் செதுக்கி அதை அடக்கியிருக்கிறார்கள்.

கேள்வி: ஸ்போர்ட்ஸ் கார் வாங்க வசதியில்லை. இருக்கும் காரிலேயே கொஞ்சமாவது இந்த அனுபவம் கிடைக்குமா? (மதுரை கல்லூரி மாணவர்)

கிடைக்கும் தம்பி. டயர் காற்றழுத்தத்தைக் கதவோரத்தில் ஒட்டியிருக்கும் அளவுப்படி வை, குளிர்ந்த டயரில் பார். வீல் அலைன்மென்ட் சரிபார். டயர் மாற்றும் முறை வரும்போது மலிவாகக் கிடைப்பதை விட்டுவிட்டு நல்லதாக வாங்கு, ஏனென்றால் தரையைத் தொடுவது உள்ளங்கை அளவு நாலு ரப்பர் துண்டுதான். டிக்கியில் கிடக்கும் வேண்டாத சாமானை இறக்கு.

அப்புறம் சீட்டை முன்னே நகர்த்தி, முதுகு சாய்ந்திருக்கும்போதே மணிக்கட்டு ஸ்டியரிங் மேல் படுகிறதா என்று பார். பிரேக் வேலையை வளைவுக்கு முன்னாலேயே நேர்ச்சாலையில் முடி, ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடிக்காதே. இறுக்கிப் பிடித்த கைக்கு எதுவும் கேட்காது. காலியான, நன்றாகத் தெரிந்த சாலையில் 40 கிலோமீட்டர் வேகத்தில் போதும். பிரேக்கை எப்படி விட்டால் மூக்கு எப்படி எழுகிறது என்று மட்டும் ஒரு வாரம் கவனித்துவிட்டு எனக்கு எழுது.