ஸ்டாண்ட்பை இருந்தும் லைன் போகிறதா? வாசகர் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி: எங்கள் சுவிட்சில் இரண்டு பவர் சப்ளை. ஒன்று போனதும் மொத்தமாக அணைந்துவிட்டது. எப்படி?

பதில்: இரண்டு பவர் கேபிளையும் கையால் பிடித்துக்கொண்டே கடைசி வரை போய்ப் பாருங்கள். பல இடங்களில் இரண்டும் ஒரே பிரேக்கரில்தான் போய் முடியும். தனித்தனி என்றால் லோடைப் பாருங்கள். ஒன்று விழுந்தால் மற்றது முழுச் சுமையையும் தாங்க வேண்டும். இரண்டும் 60 சதவீதத்தில் ஓடினால் அதற்கு வழியில்லை. சில சேஸிஸ்களில் (கார்டுகள் சொருகும் பெட்டி) இரண்டையும் கூட்டிப் பயன்படுத்தும் செட்டிங்கும் உண்டு. அது ஆன் ஆகியிருந்தால், இரண்டாவது சப்ளையை ஸ்டாண்ட்பையாக நம்ப முடியாது.

கேள்வி: ஸ்டாண்ட்பை கண்ட்ரோல் கார்டில் (சுவிட்சை இயக்கும் கார்டுக்கு மாற்றாக இருப்பது) பச்சை விளக்கு எரிகிறது. நம்பலாமா?

பதில்: விளக்கை மட்டும் நம்பாதீர்கள். கார்டுக்குக் கரண்ட் வருகிறது, பூட் ஆகிவிட்டது என்பதைத்தான் அது சொல்லும். இப்போது வேலை செய்யும் ஆக்டிவ் கார்டோடு சிங்க் ஆகியிருக்கிறதா என்பதை ரிடண்டன்சி ஸ்டேட்டஸ் கமாண்டில்தான் பார்க்க வேண்டும். இரண்டிலும் சாஃப்ட்வேர் வெர்ஷன் வேறாக இருந்தால், ஸ்டாண்ட்பை அரைத் தயார் நிலையிலேயே நின்றுவிடலாம். ஆக்டிவ் விழுந்த பிறகுதான் அது மீதி வேலையைத் தொடங்கும். லைன் நிமிடக் கணக்கில் போகும்.

அதனால், மெயின்டனன்ஸ் நேரம் வாங்கி, நீங்களே மாற்றிப் பாருங்கள். முதலில் கான்ஃபிகரேஷனை சேவ் செய்து, வெளியே ஒரு நகல் எடுத்து வையுங்கள். இரண்டு கார்டிலும் கன்சோல் கேபிள் இருக்கட்டும். தொடர்ந்து ஒரு பிங் (லைன் இருக்கிறதா என்று கேட்டுப் பார்க்கும் சோதனை) ஓடட்டும். ரவுட்டிங் நெய்பர்களின் (வழித் தகவல் பரிமாறும் பக்கத்து ரவுட்டர்கள்) எண்ணிக்கையையும் அப்போதிருக்கும் அலாரங்களையும் குறித்துக்கொண்டு, கமாண்ட் கொடுத்து மாற்றுங்கள். எத்தனை பிங் விழுந்தது, எந்த நெய்பர் திரும்பி வரவில்லை என்று பாருங்கள். அப்புறம் பழைய கார்டுக்கே திருப்பி மாற்றுங்கள். இந்தத் திரும்பும் பாதையைத்தான் பலர் சோதிப்பதே இல்லை. எடுத்த எடுப்பிலேயே கார்டை உருவிச் சோதிக்க வேண்டாம்.

கேள்வி: விஆர்ஆர்பி (ஒரு ரவுட்டர் விழுந்தால் மற்றது அதன் வேலையை எடுத்துக்கொள்ளும் முறை) போட்ட இரண்டு ரவுட்டரும் 'நான்தான் மாஸ்டர்' என்கின்றன.

பதில்: ஒன்று சொல்வது மற்றதன் காதில் விழவில்லை. மாஸ்டர் வழக்கமாக நொடிக்கு ஒருமுறை 224.0.0.18 என்ற மல்டிகாஸ்ட் (ஒரு குழுவுக்கே அனுப்பும்) முகவரிக்குச் செய்தி அனுப்பும். மூன்று நொடிக்கு மேல் அது வராவிட்டால் பேக்கப் எழுந்துவிடும். இடையிலுள்ள டிரங்க் போர்ட்டில் (பல விலேன்களைச் சுமக்கும் போர்ட்) இந்த ரவுட்டர்களின் விலேன் (சுவிட்சுக்குள் தனியாகப் பிரித்த நெட்வொர்க்) இருக்கிறதா, இரண்டிலும் குரூப் எண் ஒரே எண்தானா, ஃபயர்வால் விதி ஏதும் ஐபி புரோட்டோகால் 112-ஐ மறிக்கிறதா என்ற வரிசையில் தேடுங்கள். முதலாவதிலேயே சிக்குவதுதான் அதிகம்.

கேள்வி: பாதுகாப்புக்காக இரண்டாவது கேபிள் போட்டேன். நெட்வொர்க்கே நின்றுவிட்டது!

பதில்: லூப், அதாவது தகவல் ஒரே வட்டத்தில் சுற்றிக்கொண்டே இருக்கிறது. எல்லா போர்ட் விளக்கும் ஒன்றாகப் படபடக்கும். புதிய கேபிளை உடனே உருவுங்கள். சரியானதும் ஸ்பானிங் ட்ரீ (லூப் வராமல் தடுக்கும் ஏற்பாடு) எல்லா சுவிட்சிலும் ஓடுகிறதா என்று பாருங்கள். இரண்டு கேபிளும் சேர்ந்தே வேலை செய்ய வேண்டுமென்றால் இரு முனையிலும் எல்ஏசிபி (பல கேபிள்களை ஒரே லிங்க்காகச் சேர்க்கும் முறை) அமைத்த பிறகே சொருகுங்கள்.

கேள்வி: ஸ்டாண்ட்பை ஃபைபர் லிங்க்கில் எரர் ஏறுகிறது. டிராஃபிக் இல்லையே, விட்டுவிடலாமா?

பதில்: வேண்டாம், இன்றே பாருங்கள். வாங்கும் ஒளியின் அளவைப் பழைய பதிவோடு ஒப்பிடுங்கள். 3 டெசிபல் குறைந்திருந்தால் பாதி ஒளி போய்விட்டது. கனெக்டரை அதற்கான கிளீனரால் துடையுங்கள், வாயால் ஊதாதீர்கள். ஃபைபர் முனையைக் கண்ணுக்கு நேரே பிடிக்கவே கூடாது. லேசர் கண்ணுக்குத் தெரியாது, ஆனால் கெடுக்கும். துடைத்தும் எரர் ஏறினால் எஸ்எஃப்பியை (ஃபைபர் சொருகும் சிறு மாட்யூல்) மாற்றிப் பாருங்கள்.