உளிக்கு எவ்வளவு, கல்லுக்கு எவ்வளவு?

கேள்வி: அடுத்த மாதம் பணி ஓய்வு. வீட்டில் கிடக்கும் பழைய தேக்குப் பலகைகளில் பேரனுக்குப் புத்தக அலமாரி செய்ய ஆசை. ஆன்லைனில் 12 உளி உள்ள பெட்டி 900 ரூபாய்க்கு வருகிறது. மொத்தம் 4,000 ரூபாய் ஒதுக்கியிருக்கிறேன். அந்தப் பெட்டியை வாங்கலாமா?
(வாசகர், திண்டுக்கல்)

பதில்: வேண்டாம் சார். 12 உளியை வைத்துக்கொண்டு என்ன செய்யப் போகிறீர்கள்? 38 வருடமாக மரவேலை பார்க்கிறேன், தினமும் என் கைக்கு வருவது மூன்றுதான்: கால் இஞ்ச், அரை இஞ்ச், ஒரு இஞ்ச். அந்த மூன்றை மட்டும் நல்லதாகத் தனித்தனியாக வாங்குங்கள்.

நானும் மினுமினுப்பில் ஏமாந்தவன்தான். தொழிலுக்கு வந்த புதிதில் மஞ்சள் கைப்பிடி போட்ட செட் ஒன்றை வாங்கினேன். பூவரசங்கட்டையில் இரண்டாவது துளை போடும்போதே முனை வெற்றிலை ஓரம் மாதிரி சுருண்டுவிட்டது. மேஸ்திரி திட்டவில்லை, சிரித்தார். அந்த உளிகள் பிறகு பெயின்ட் டப்பா மூடி நெம்பத்தான் உதவின.

கடையில் உளியைத் திருப்பி, சரிவு இல்லாத தட்டைப் பக்கத்தைக் கண்ணாடி மேஜையில் வையுங்கள். நடுவில் லேசாகக் குழிந்திருந்தால் பரவாயில்லை, தீட்டும் கல்லில் தேய்த்தால் சரியாகிவிடும். நடு புடைத்து, உளி ஊஞ்சல் ஆடினால் வைத்துவிட்டு வாருங்கள். மரக் கைப்பிடி என்றால் தட்டும் முனையில் இரும்புப் பூண் இருக்கிறதா என்று பாருங்கள். பூண் இல்லாத கைப்பிடி சீக்கிரம் பிளந்துவிடும்.

அப்புறம் ஒன்று. கல் வாங்கப் பணத்தை மிச்சம் வையுங்கள். புது உளி எதுவும் கடையிலிருந்து வரும்போது கூராக இருக்காது. ஒரு பக்கம் சொரசொரப்பு, மறுபக்கம் நைஸ் என்று இருக்கும் எண்ணெய்க்கல் போதும். சரிவு 25 டிகிரி, முனையில் மட்டும் 30 டிகிரி. தீட்டிய பிறகு முனையை வெளிச்சத்தில் காட்டுங்கள். வெள்ளைக் கோடு மாதிரி எங்கேயாவது மின்னினால் அந்த இடம் இன்னும் மொட்டை. கூரான முனையில் வெளிச்சம் நிற்காது. உங்கள் மரம் தேக்கு வேறு. அதில் மணலின் சத்தான சிலிக்கா இருப்பதால் முனை சீக்கிரம் மழுங்கும். கல் பக்கத்திலேயே இருக்கட்டும்.

கேள்வி: தாத்தாவின் பெட்டியில் துருப்பிடித்த உளிகளும் ஒரு மர இழைப்புளியும் இருக்கின்றன. பழைய இரும்புக் கடையில் போட்டுவிடலாம் என்கிறார் அப்பா.
(வாசகி, நாகர்கோவில்)

பதில்: அப்பாவைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்கள், அம்மா. ஒரு உளியைப் புளிக்கரைசலில் இரவு முழுக்க ஊறப்போட்டு, காலையில் தேய்த்துக் கழுவித் துடையுங்கள். ஈரம் போனதும் தையல் மிஷின் எண்ணெய் தடவுங்கள். மேலே இருக்கும் துருவைப் பற்றிக் கவலையில்லை. தட்டைப் பக்கத்தில், முனைக்குப் பக்கத்தில் துரு தின்ற குழிகள் இருக்கின்றனவா என்று மட்டும் பாருங்கள். ஆழமாக இருந்தால் அந்த இடம் தேய்ந்து போகும்வரை ஒழுங்கான முனை கிடைக்காது.

சரிவைக் கல்லில் தேய்க்கும்போது இரண்டு நிறம் பிரிந்து தெரிந்தால் எனக்கு மறக்காமல் எழுதுங்கள். முதுகில் மெத்தென்ற இரும்பு, வெட்டும் பக்கம் மெல்லிய எஃகு என்று இரண்டையும் உலையில் ஒட்டி அடித்த பழைய வேலை அது. தீட்டுவதற்கும் சுலபம்.

தயவுசெய்து சாணை மிஷினில் கொடுத்துவிடாதீர்கள். அதன் சூட்டில் முனையில் நீலம் படர்ந்தால் அங்கே எஃகின் உறுதி போய்விட்டது, அந்தப் பகுதியைத் தேய்த்துத் தள்ளத்தான் வேண்டும். மிஷின்தான் வழி என்றால் இரண்டு மூன்று நொடிக்கு ஒருமுறை தண்ணீரில் முக்கச் சொல்லி, பக்கத்திலேயே நில்லுங்கள்.

இழைப்புளியில் அலகை இறுக்கிப் பிடிக்கும் ஆப்பைத் தட்டி எடுத்து, அடிப்பக்கத்தில் ஸ்கேலை நிமிர்த்தி வைத்துப் பாருங்கள். வெளிச்சம் அதிகம் கசிந்தால், தட்டையான தரையில் உப்புத்தாளை விரித்து அதன் மேல் தேய்க்கலாம்.

கேள்வி: ரம்பத்தின் பல் நுனியெல்லாம் கருநீலமாக இருக்கிறது. அரம் போட்டுக் கூராக்கலாமா?
(வாசகர், தஞ்சாவூர்)

பதில்: முடியாது. தொழிற்சாலையிலேயே நுனியை மட்டும் பக்குவமாகச் சூடாக்கிக் கடினமாக்கியது அது. அரம்தான் வழுக்கும். மழுங்கும்வரை அறுத்துவிட்டுப் புதிது வாங்க வேண்டியதுதான். காலத்துக்கும் வேண்டுமென்றால் நீலம் இல்லாத பல்லாகக் கேளுங்கள்.

கேள்வி: 90 டிகிரி பார்க்கும் மூலைமட்டம் சரியானதா என்று கடையிலேயே கண்டுபிடிக்க வழி உண்டா?
(வாசகர், சேலம்)

பதில்: உண்டு. ஓரம் நேரான பலகைத் துண்டில் மட்டத்தை அணைத்து ஒரு கோடு போடுங்கள். அப்படியே புரட்டி, அதே புள்ளியிலிருந்து இன்னொரு கோடு. இரண்டும் ஒன்றாகப் படிந்தால் காசு கொடுங்கள். விரிந்தால் அடுத்ததை எடுக்கச் சொல்லுங்கள். கடைக்காரர் முறைத்தால் முறைக்கட்டும்.