தூண் இல்லாமல் நீட்டலாமா?

கேள்வி: மேல்மாடியை இரட்டைச் சரிவுக் கூரையோடு, தூண் இல்லாமல் 3 மீற்றர் வெளியே நீட்டி, கீழே ட்ரக்டர் நிறுத்த யோசனை. வழக்கம் போல பீமின் அடியில்தான் தடித்த கம்பி என்கிறார் மேசன். சரியா?
– வாசகி, முருங்கன்

பதில்: இல்லை தங்கச்சி, அங்கேதான் பிழைக்கிறது. இரண்டு பக்கமும் தாங்கிய பீம் நடுவில் தொய்யும், அதனால் அதற்கு அடிக்கம்பி. நீட்டி நிற்கும் பீமோ நுனியில் தலைகுனியும், மேற்பக்கம்தான் இழுபடும், ஆகவே முக்கியக் கம்பி மேலே வரவேண்டும், அதுவும் சுவரோடு நின்றுவிடாமல் வீட்டுக்குள் நன்றாக நீண்டு போகவேண்டும். கொங்கிரீட் போடும் நாளில் ஆட்கள் அதை மிதித்துத் தாழ்த்திவிடுவார்கள். பக்கத்திலேயே நில்லுங்கள்.

இங்கிலாந்தின் சஃபோக்கில் 2010இல் முடிந்த 'பேலன்சிங் பார்ன்' என்ற வீடு 30 மீற்றர் நீளம், பாதி அந்தரத்தில். நுனிக்குக் கீழே ஊஞ்சல் வேறு! நிலத்தில் இருக்கும் பாதியைப் பாரமாகக் கட்டியதால்தான் அது நிற்கிறது. உங்களுக்கும் உள்ளே போகும் பீம், நீட்டலைப் போல ஒன்றரை, இரண்டு மடங்காவது இருக்கட்டும். முகப்பு முக்கோணத்தைக் கல்லால் கட்டாதீர்கள், நுனியில் அவ்வளவு பாரம் கூடாது. பலகையோ தகடோ போதும். அப்புறம், தகட்டுக் கூரையைக் காற்றுத் தூக்கும், போல்ட் போட்டு இறுக்குங்கள்.

முட்டுகளை 28 நாள் தொடவேண்டாம். கழற்றும்போது நுனியிலிருந்து உள்ளே வாருங்கள்.

உங்கள் ஊர்க் களிமண் மாரியில் ஊதும், கோடையில் விரல் நுழைய வெடிக்கும். அத்திவார ஆழத்தையும் கம்பிக் கணக்கையும் பொறியியலாளரிடம் கேட்காமல் கிடங்கு வெட்டாதீர்கள்.