வீடு அவருக்கு, கடன் யாருக்கு?

கேள்வி: வயது 36. தனியார் பள்ளி ஆசிரியை. ஏழு வயதில் மகன் இருக்கிறான். கணவருக்கு வேறொரு பெண்ணுடன் தொடர்பு இருப்பது தெரிந்ததிலிருந்து, இரண்டு வருடமாக மகனுடன் ஈரோட்டில் அம்மா வீட்டில் இருக்கிறேன். கோவையில் 2019-ல் இருவர் பெயரிலும் ஃபிளாட் வாங்கினோம். முன்பணத்துக்கு என் நகைகளை விற்றோம். 40 லட்சம் கடனில் இன்னும் 33 லட்சம் பாக்கி. "ஃபிளாட்டை எனக்கு எழுதிக் கொடு, மீதி தவணையை நானே கட்டிக்கொள்கிறேன், உனக்கு 10 லட்சம் தருகிறேன். பரஸ்பர சம்மதத்தில் பிரிந்துவிடலாம், இந்த மாதமே கையெழுத்துப் போடு" என்கிறார். எனக்கும் விட்டால் போதும் என்றிருக்கிறது. ஆனால் மாமியார் செய்த கொடுமைக்கும், இவர் செய்த துரோகத்துக்கும் நியாயம் வேண்டாமா?

பதில்: நீங்கள் அனுப்பிய நான்கு பக்கக் கடிதத்தில் மூன்றரைப் பக்கம் மாமியாரும் அந்தப் பெண்ணும்தான். முழுக்கப் படித்தேன். பரஸ்பர சம்மதம் என்று வந்துவிட்டால் தப்பு யார்மேல் என்று நீதிபதி கேட்கப் போவதில்லை. ஆதாரமாக நீங்கள் வைத்திருக்கும் வாட்ஸ்அப் படங்களை அழிக்க வேண்டாம், எங்காவது பத்திரமாக இருக்கட்டும். நகை விற்றதும் அப்படித்தான். நீங்களே சம்மதித்து விற்று, வீட்டில் போட்ட பணம் அது. ரசீது இருந்தால் பேரம் பேச உதவும், அவ்வளவுதான்.

உங்கள் விஷயத்தில் பார்க்க வேண்டியது ஒன்றே ஒன்று. கடிதத்தோடு இணைத்திருக்கும் ஒப்பந்த வரைவின் 7-வது பத்தி: "வீட்டுக் கடனின் மீதத் தவணைகள் முழுவதையும் முதல் மனுதாரரே செலுத்த வேண்டியது." முதல் மனுதாரர் என்றால் உங்கள் கணவர். இந்த வரியை நம்பித்தான் நீங்கள் கையெழுத்துப் போடப் போகிறீர்கள். இது அவரைக் கட்டுப்படுத்தும். வங்கியைக் கட்டுப்படுத்தாது. வங்கி இந்த ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடவில்லை, உங்கள் வழக்கில் அது கட்சிக்காரரும் இல்லை. குடும்ப நல நீதிமன்றம் தீர்ப்பிலேயே அந்த வரியைச் சேர்த்தாலும், வங்கியின் ஏட்டில் நீங்கள் அதே இணைக் கடன்தாரர்தான். முழுக் கடனையும் உங்கள் ஒருவரிடமே கேட்க வங்கிக்கு உரிமை உண்டு. பாதிக் கடன் மட்டும்தானே நம்முடையது என்று நினைக்க வேண்டாம்.

இந்த வரைவின்படி போனால் வீட்டில் உங்கள் பாதி போய்விடும், கடன் மட்டும் முழுசாக நிற்கும். என்னிடம் வந்த ஒரு செவிலியர் இப்படித்தான் வீட்டில் தன் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்துவிட்டு நிம்மதியாக இருந்தார். முன்னாள் கணவர் மறுமணம் செய்துகொண்டார், பிறகு வேலை போயிற்று, தவணை நின்றது. 90 நாள் தவணை நின்றால் வாராக் கடன், அப்புறம், வழக்குப் போடாமலே அடமான வீட்டை வங்கி எடுத்துக்கொள்ள வழிசெய்யும் சர்ஃபாசி சட்டத்தில் 60 நாள் நோட்டீஸ். நோட்டீஸ் இவருடைய பழைய விலாசத்துக்குப் போனதால் இவருக்கு எதுவும் தெரியாது. சொந்தமாக ஒரு சின்ன வீடு வாங்கலாம் என்று வங்கிக்குப் போனபோது, மேலாளர் கணினித் திரையைத் திருப்பிக் காட்டினார். அவருக்குச் சொந்தமே இல்லாத வீட்டின் கடன் அவர் பெயரில் சிவப்பில் நின்றது. முன்னாள் கணவர்மேல் வழக்குப் போட முடியாதா? போடலாம். சம்பளமே இல்லாத ஆளிடம் தீர்ப்பை வைத்துக்கொண்டு என்ன வசூலிப்பது?

அதனால் உங்கள் பேரம் 10 லட்சத்தைப் பற்றியதாக இருக்கக் கூடாது, கடனிலிருந்து பெயர் எடுப்பதைப் பற்றியதாக இருக்க வேண்டும். பெயரை எடுங்கள் என்று மனுக் கொடுத்தால் வங்கி எடுக்காது. அவர் சம்பளம் மட்டும் 33 லட்சத்தைத் தாங்குமா என்று பார்க்கும். நடைமுறையில் சுலபமான வழி, அவர் தன் ஒருவர் பெயரில் வேறு வங்கியில் கடன் வாங்கி இந்தக் கடனை அடைப்பது. புது வங்கி வீடு முழுதும் அவர் பெயருக்கு வர வேண்டும் என்று கேட்கும், நியாயம்தான். அந்த வங்கியின் அனுமதிக் கடிதத்தையும், பழைய வங்கிக்கான டிடியையும் கண்ணால் பார்த்த பிறகு சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போங்கள். "பத்திரத்தை முதலில் முடித்துவிடலாம், கடன் பின்னாலேயே வந்துவிடும்" என்று யார் சொன்னாலும், அது உங்கள் சொந்த அண்ணனே ஆனாலும், வேண்டாம்.

இதெல்லாம் விவாகரத்துத் தீர்ப்புக்கு முன்பே முடிய வேண்டும். கணவன் மனைவியாக இருக்கும்வரை விடுதலைப் பத்திரத்துக்குக் குடும்ப உறுப்பினர் சலுகை உண்டு: முத்திரைத் தீர்வை ஒரு சதவீதம், அதிகபட்சம் 40,000 ரூபாய். தீர்ப்பு வந்த மறுநாள் நீங்கள் அவருக்குக் குடும்பம் இல்லை, செலவு லட்சக்கணக்கில் ஏறும். அதைச் சாக்காக வைத்தே அவர் இழுத்தடிப்பார்.

பரஸ்பர சம்மத மனுப் போட்டபின் சட்டம் சொல்லும் ஆறு மாதக் காத்திருப்பைத் தள்ளுபடி செய்யச் சொல்லி, 2017-ல் உச்ச நீதிமன்றம் தந்த அமர்தீப் சிங் தீர்ப்பைக் காட்டி மனுப் போடலாம் என்று அவருடைய வக்கீல் எழுதியிருக்கிறார். ஒன்றரை வருடத்துக்கு மேல் பிரிந்து வாழ்வதால் கேட்கலாம்தான். நீங்கள் இப்போது அதில் கையெழுத்துப் போட வேண்டாம். கடனை மாற்ற அந்த ஆறு மாதம் உங்களுக்குத் தேவை. தீர்ப்பு வரும்வரை உங்கள் சம்மதத்தைத் திரும்பப் பெறலாம் என்பதுதான் உங்கள் கையில் இருக்கும் ஒரே பிடி. கடன் முடித்த கடிதமும், அடமானம் நீங்கியதைக் காட்டும் வில்லங்கச் சான்றும் கைக்கு வந்தபின், கடைசி வாய்தாவில் நீதிபதி முன்னால் 10 லட்சத்துக்கு டிடி வாங்கிக்கொண்டு சம்மதம் சொல்லுங்கள். காசோலை வேண்டாம்.

அவர் சம்பளத்துக்குப் புதுக் கடன் கிடைக்கவில்லை என்றால்? ஃபிளாட்டை விற்றுவிடுங்கள். மகன் தவழ்ந்த வீடு என்று எழுதியிருக்கிறீர்கள், புரிகிறது. ஆனாலும் விற்றுக் கடனை அடைத்து மிச்சத்தைப் பிரித்துக்கொள்வதுதான் உங்களுக்கு லாபம். 10 லட்சம் 7 லட்சமாகக் குறைந்தாலும் ஒத்துக்கொள்ளுங்கள். கடன் வரலாற்றைப் பதிந்து வைக்கும் சிபிலில் சுத்தமான பெயரோடு வரும் 7 லட்சத்தில் புதுக் குடித்தனம் வைக்கலாம்.

வரைவின் 9-வது பத்தியில் "மகனுக்கும் சேர்த்து இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்று நுழைத்திருக்கிறார்கள். மகனின் ஜீவனாம்ச உரிமையை நீங்கள் விட்டுக்கொடுக்க முடியாது, அது அவனுடையது. என்றாலும் அந்த வரியை அடித்துவிட்டு, பள்ளிக் கட்டணம் உட்பட மாதம் இவ்வளவு, வருடம் இவ்வளவு உயர்வு என்று தொகையை எழுதச் சொல்லுங்கள். தவணை இப்போது உங்கள் சம்பளக் கணக்கிலிருந்து போகிறதா என்பதை நீங்கள் எழுதவில்லை. போகிறது என்றால், கோபத்தில் நிறுத்திவிடாதீர்கள். கடன் மாறும்வரை ஒரு தவணை தவறினாலும் அடிபடுவது உங்கள் பெயரும்தான். கட்டிய தொகைக்குக் கணக்கு எழுதி வையுங்கள், 10 லட்சத்தோடு சேர்த்துக் கேட்கலாம்.