ஐம்பத்தைந்து வயதுக்கு மேல் அமெரிக்க கோஸ்பெல் குவார்ட்டெட் இசையை ரசிக்கப் பழக முடியுமா?

கோஸ்பெல் குவார்ட்டெட், அதாவது நான்கு குரல்கள் சேர்ந்து பாடும் கிறிஸ்தவப் பக்திப் பாட்டு, போடும் ஓர் இணைய வானொலியை மகள் கைப்பேசியில் வைத்துக் கொடுத்ததாகவும், ஒரு வாரம் கேட்டும் எல்லாப் பாட்டும் ஒரே பாட்டாகத் தோன்றுவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். ஐயா, நீங்கள் அதைக் கைப்பேசியின் ஸ்பீக்கரிலேயே கேட்டிருப்பீர்கள், அதுவும் ஜன்னல் விளிம்பில் வைத்து. பந்தயம் கட்டுகிறேன். அப்படியானால் நால்வரில் மூவரைத்தான் கேட்டிருக்கிறீர்கள். அடியில் நின்று கட்டைக் குரலில் பாடும் நான்காவது ஆள் அந்தப் பொட்டு ஸ்பீக்கரில் வெளியே வரவே மாட்டார்.

நானும் மூன்று மாதம் அப்படித்தான் ஏமாந்தேன். முழங்கால் அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு தூக்கம் போய்விட்டது. இரவு இரண்டு மணிக்கு எழுந்து உட்கார்ந்தால், அந்த வானொலி நிலையம் இருக்கும் அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் பகல். ஏதோ ஒரு குரல் பேசிக்கொண்டிருப்பதே துணையாக இருந்தது, பாட்டு மனத்தில் ஒட்டவில்லை. போனைப் பித்தளைச் சொம்புக்குள் போட்டுப் பார்க்கச் சொன்னாள் என் மனைவி. போட்டேன். சத்தம் கூடியது, சங்கதி கூடவில்லை. பிறகு ஒருநாள் பேரன் விட்டுப்போன பெரிய ஹெட்போனை மாட்டிக்கொண்டேன். அன்றைக்குப் பார்த்து ரயில் பாட்டு வந்தது.

நான் பொன்மலை ரயில்வே பணிமனையில் முப்பத்தாறு ஆண்டுகள் ஃபிட்டராக இருந்தவன். நீராவி என்ஜினில் கைவைத்த கடைசித் தலைமுறை. இரண்டு சிலிண்டர் என்ஜினில் சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றினால் நான்கு முறை நீராவி அடித்து வெளியேறும். பாரத்தை இழுத்துக்கொண்டு கிளம்பும்போது நான்கும் தனித்தனியாகக் காதில் விழும். வேகம் பிடித்ததும் கலந்துவிடும். கோல்டன் கேட் குவார்ட்டெட் என்ற குழு 1937இல் சார்லட் நகரில் பதிவுசெய்த பாட்டுதான் அந்த ரயில் பாட்டு. வாத்தியமே கிடையாது. விசில், மணி, புகைபோக்கியின் மூச்சு, எல்லாம் வாயால். அவர்கள் 1934இல் வர்ஜீனியாவின் நார்ஃபோக்கில் பள்ளிப் பிள்ளைகளாகச் சேர்ந்து பாடத் தொடங்கியவர்கள். நிலக்கரி ரயில்கள் வந்து முடியும் துறைமுக ஊர் அது. கேட்டு வளராமல் அந்த மூச்சு வாயில் வராது. இரவு இரண்டு மணிக்கு நான் தனியாக உட்கார்ந்து சிரித்தேன். மனைவி எழுந்து வந்து என்ன ஆயிற்று என்று கேட்டாள். சொன்னால் புரியுமா?

எங்கள் அப்பாவின் மர்ஃபி ரேடியோ இருந்திருந்தால் இந்த மூன்று மாதம் வீணாகியிருக்காது. மரப்பெட்டி, அதற்கேற்ற பெரிய ஸ்பீக்கர். இலங்கை வானொலியை அதில் போட்டால் அறிவிப்பாளரின் குரல் நெஞ்சுக்கூட்டில் அதிரும். கொஞ்சம் வேலை பார்த்திருந்தால் போனை அதில் இணைத்திருப்பேன். பாகப்பிரிவினையின்போது அது வேண்டும் என்று நான் ஒருவன்தான் கேட்டேன். என் தம்பி, என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல், அதைப் பழைய இரும்புக்காரனிடம் போட்டு இரண்டு பிளாஸ்டிக் வாளி வாங்கினான். நிலத்தில் நாலு சென்ட் குறைந்ததைக்கூட நான் பேசவில்லை. வாளியைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியவில்லை. போகட்டும்.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். எல்லாம் ஒன்றுபோல் இருக்கக் காரணம், அந்த நிலையங்கள் இரண்டு மரபுகளைக் கலந்து போடுவதாகவும் இருக்கலாம். பியானோ துள்ளிக்கொண்டு வந்தால் அநேகமாக பிளாக்வுட் பிரதர்ஸ், ஸ்டேட்ஸ்மென் போன்ற வெள்ளையர் குழுக்கள். தொடையில் தட்டும் தாளத்தோடு ஒருவர் கதறிக் கதறிக் கேட்க, மற்றவர்கள் அசையாமல் ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பப் பாடினால் கறுப்பினக் குழு. குவார்ட்டெட் என்று பெயர் வைத்துக்கொண்டு ஐந்து பேர் பாடினால் குழம்ப வேண்டாம். சோல் ஸ்டிரர்ஸ் குழுவில் முன்னணிப் பாடகர்கள் இரண்டு பேர் மாறி மாறிப் பாடுவார்கள். பின்னால் நான்கு குரல் குறையாது. ஸ்வான் சில்வர்டோன்ஸின் கிளாட் ஜீட்டரைக் கேளுங்கள். மேற்கு வர்ஜீனியாவில் நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை செய்த மனிதர், அவர் குரல் கள்ளக்குரலில் மேலே ஏறும்போது புகையே படியாதது போல இருக்கும். அந்தக் காலத்தில் ஹோட்டலில் கறுப்பர்களுக்கு அறை கொடுக்காத தெற்கு மாநிலங்களில் ஊர் ஊராகச் சென்று, சபைக்காரர்கள் வீட்டில் படுத்து எழுந்து பாடியவர்கள் இவர்கள்.

சங்கீதம் தெரிந்தவர்கள் சண்டைக்கு வர வேண்டாம். நான் ராகம் தெரிந்து எழுதவில்லை, காது சொன்னதை எழுதுகிறேன். "மதம் மாறிவிட்டாரா?" என்று கீழே கருத்து எழுதப்போகிறவருக்கும் சொல்லிவிடுகிறேன்: இல்லை. நாகூர் ஹனிபா பாட்டைக் கேட்டு வளர்ந்தேன், அப்போதும் யாரும் பெயரை மாற்றிக்கொள்ளச் சொல்லவில்லை. அலபாமாவின் ஞாயிறு காலை எட்டு மணி நிகழ்ச்சி இங்கே மாலை ஆறரைக்கு வரும், சரியாக விளக்கு வைக்கும் நேரம். முதலில் மனைவி முகத்தைச் சுளித்தாள். இப்போது விளக்கை ஏற்றிவிட்டு, ஆரம்பித்துவிட்டார்களா என்று அவளே கேட்கிறாள். குளிர்காலத்தில் அங்கே கடிகாரத்தை மாற்றுவதால் ஏழரை ஆகிவிடும், நவம்பரில் நிலையம் மூடிவிட்டது என்று பயந்துவிடாதீர்கள்.

ஒயர் வைத்த, காதை முழுக்க மூடும் ஹெட்போன் ஒன்று வாங்குங்கள். மேல் குரலை விட்டுவிட்டு அடிக்குரலை மட்டும் பிடித்துக்கொண்டு ஒரு பாட்டு முழுக்கப் போங்கள். அதற்குப் பிறகும் பிடிக்கவில்லை என்றால் மகளிடம் உண்மையைச் சொல்லிவிடுங்கள். எனக்கு நேரம் ஆகிறது, இன்று ஞாயிறு. ஹெட்போனை மறுபடியும் பேரன் எடுத்துப் போயிருக்கிறான்.